டாஸ் நிரல் எழுதத் தொடங்க எட்டு பைட்டு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணினிக் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்றவன் நான். பழைய டாஸ் இயங்குதளத்தில் நிரல் எழுதப் பழக எங்கே தொடங்குவது என்று, கல்லூரியில் படிக்கும் என் பேத்தி சென்ற வாரம் கேட்டாள். அவளுக்குச் சொன்னது மற்ற மாணவர்களுக்கும் உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

கேட்டவுடன் பலரும், சி மொழியில் நிரல் எழுத உதவும் டர்போ சி-யைத்தான் கைகாட்டுவார்கள். நல்ல கருவிதான், ஆனால் அடியில் டாஸ் என்ன செய்கிறது என்பதை அது காட்டாது. செயலிக்கான கட்டளைகளை நேரடியாகத் தட்டி ஓட்டிப் பார்க்க உதவும் டீபக் என்ற சிறு டாஸ் கருவியில் முதல் நிரலை எழுதுவதே முறை என்பேன். 64 பிட் விண்டோஸில் டீபக்கும் இல்லை, 16 பிட் நிரல்களும் ஓடா. ஆகவே 1994-இல் ஜிம் ஹால் தொடங்கிவைத்த, டாஸுக்கு மாற்றான ஃப்ரீடாஸ் இயங்குதளத்தை இலவசமாக இறக்கி, கணினிக்குள் இன்னொரு கணினி போல இயங்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் நிறுவிக்கொள்ளலாம். டீபக் அதனுடனேயே வருகிறது.

டீபக்கின் உள்ளே போய் 'ஏ 100' என்று தட்டி, 'மூவ் ஏஹெச், 02', 'மூவ் டிஎல், 41', 'இன்ட் 21', 'இன்ட் 20' என்று நான்கு வரிகளை எழுதி, வெற்று வரியில் என்டர் அடித்து, 'ஜி' கொடுத்தால், திரையில் ஆங்கிலத்தின் முதல் எழுத்து விழும். மொத்தமே எட்டு பைட்டு. இதில் எண்களெல்லாம் பதினாறை அடிப்படையாகக் கொண்ட பதினறும முறை, அதில் 100 என்றால் நம் கணக்கில் 256. முதல் 256 பைட்டை டாஸ் தன் உபயோகத்துக்கு வைத்துக்கொள்வதால்தான் நிரல் 100-இல் தொடங்குகிறது. 'இன்ட் 21' என்பது டாஸைக் கூப்பிடும் வாசல். என்ன வேலை வேண்டும் என்பதை, செயலிக்குள் உள்ள ஏஹெச் என்ற சிறு நினைவிடத்தில் இருக்கும் எண் சொல்லும். எந்த எழுத்தைக் காட்டவேண்டும் என்பதை டிஎல் என்ற இன்னொரு நினைவிடத்தில் உள்ள எண் சொல்லும். 41-ஐ 42 ஆக்கிப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். உள்ளே நடப்பதையும் பார்க்க விரும்புவோருக்கு, எம்.எஸ். டாஸ் 4.0-இன் மூலநிரலையே மைக்ரோசாஃப்ட் 2024-இல் வெளியிட்டிருக்கிறது. எங்கள் காலத்தில் இதைக் கனவிலும் நினைத்ததில்லை.

அடுத்த படி, ஒரு முழு வரியையே காட்டும் 09-ஆம் எண் வேலை. இதில் ஓர் எச்சரிக்கை தேவை. வரி முடிந்துவிட்டது என்பதற்கு டாஸ் இங்கே எதிர்பார்க்கும் அடையாளம் டாலர் குறி, சி.பி.எம். என்ற முந்தைய இயங்குதளத்திலிருந்து வந்த வழக்கம் இது. ஏற்றுமதி பில்லைத் திரையில் காட்ட நான் எழுதிய முதல் நிரலில் பார்ட்டி பெயர் வந்தது, பீஸ் கணக்கு வந்தது, தொகை மட்டும் வரவில்லை. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகே, தொகைக்கு முன்னால் நானே போட்டிருந்த டாலர் குறி கண்ணில் பட்டது. அன்று முதல் என் நிரல்களில் 'யு.எஸ்.டி.' என்றுதான் எழுதினேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அவிநாசி.