நூல் கண்டுக்கு எட்டுப் பக்க விண்ணப்பமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுமக்கள் சேர்ந்து போடும் பணத்தில், அரசுப் பள்ளி ஆசிரியர்களின் புது முயற்சிகளுக்குச் சிறு தொகை கொடுக்கும் குழு ஒன்றில் இருக்கிறேன். முப்பது வருடம் அறிவியல் நடத்தியவள் என்பதால், விண்ணப்பங்களைப் படிக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

போன முறை ஒரு டீச்சர் கேட்டது நூல் கண்டு, இரும்புக் குண்டுகள், ஸ்டாப்வாட்ச், அவ்வளவுதான். வகுப்புக்கே போய்ப் பார்த்தேன். 1 மீட்டர் நூலில் தொங்கிய குண்டு ஒருமுறை போய்வர சுமார் 2 விநாடி. "ஒரே விநாடியில் போய்வர நூலை எவ்வளவு குறைக்கணும்?" என்று அவர் கேட்டதும் எல்லாப் பிள்ளைகளும் பாதியாக வெட்டினார்கள். ஸ்டாப்வாட்ச் 1.4 காட்டியது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் மட்டும் விடாமல் குறைத்துக் குறைத்துக் கால் மீட்டரில் வந்து நின்றான். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

அந்த டீச்சரிடம் நாங்கள் வாங்கியது எட்டுப் பக்க விண்ணப்பமும் மூன்று கொட்டேஷனும். நூல் கண்டுக்குக் கொட்டேஷன்! அப்புறம், கைக்காசைப் போட்டு வாங்கி பில்லைக் காட்டினால்தான் பணம். இதற்குப் பயந்தே எழுதவில்லை என்று சிலர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்.

பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டும், சரி. ஒரு பக்க விண்ணப்பம், முன்பணம், பாடம் முடிந்ததும் பில். இது போதாதா? பணமும் அந்தப் பாடம் நடக்கும் முன்பே வர வேண்டும். பரீட்சை முடிந்தபின் குண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை