பவர் ஸ்டீயரிங்கைக் கழற்றும் முன் ஒரு விளக்கம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய கார் வைத்திருக்கும் உங்களில் பலர் அண்மைக் காலமாக ஒரே வேலையைக் கேட்டு வருகிறீர்கள். “பம்ப் ஊளையிடுகிறது, ரேக்கில் ஆயில் கசிகிறது, பேசாமல் பவர் ஸ்டீயரிங்கையே எடுத்துவிடுங்கள்” என்கிறார்கள் சிலர். சாலை கையில் தெரிய வேண்டும் என்ற ஆசையில் கேட்பவர்களும் உண்டு. வேலைக்கு நடுவே ஒவ்வொருவருக்கும் முழுதாக விளக்க முடிவதில்லை. பாதி கேட்டுவிட்டுப் போய் வேறெங்காவது பம்பைச் சுற்றும் பெல்ட்டை வெட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கக் கவலையாக இருக்கிறது. அதனால் இந்த மடல்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டால் உங்கள் கார், பம்பின் உதவியே இல்லாமல் கையால் திருப்பும்படி செய்த மேனுவல் ஸ்டீயரிங் கார் ஆகிவிடாது. மேனுவல் ஸ்டீயரிங்கைவிடக் கனமாகத்தான் ஆகும்.

காரணம் ரேக்கின் உள்ளே இருக்கிறது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ரேக் என்பது முன்சக்கரங்களைத் திருப்பும், பல் வெட்டிய நீண்ட தண்டு. அதில் ஒரு பிஸ்டன் இருக்கிறது, பிஸ்டனின் இரு பக்கமும் எண்ணெய் அறைகள். நீங்கள் திருப்பும் திசைக்கு ஏற்ப ஏதாவது ஓர் அறைக்கு பம்ப் அழுத்தத்தோடு எண்ணெயை அனுப்பும். தண்டைத் தள்ளுவது அந்த அழுத்தம்தான். பம்ப் நின்றாலும் பிஸ்டனும் அதன் சீலும் எண்ணெயும் அங்கேயேதான் இருக்கும். இனி ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியே தள்ள வேண்டியது உங்கள் தோள்கள். ஊசி மாட்டிய சிரிஞ்சை வேகமாக அழுத்திப் பார்த்திருந்தால் அந்த எதிர்ப்பு உங்களுக்குத் தெரியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டீயரிங் தண்டு ரேக்கைச் சேரும் இடத்தில் டார்ஷன் பார் என்ற மெல்லிய எஃகுக் கம்பி இருக்கிறது. நீங்கள் திருப்பும்போது அது துளி முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கத்தில்தான் எண்ணெயை அறைக்கு விடும் வால்வு திறக்கும். பவர் இருக்கும்வரை இது கைக்குத் தெரியாது. பவர் போனதும் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பிய பிறகே சக்கரம் அசையத் தொடங்கும், நடுவே ரப்பரை இழுப்பது போன்ற தொய்வு. சாலையை உணர வேண்டும் என்று கேட்டவருக்கு நேர் எதிரான பலன்தான் கிடைக்கும்.

ரேக்கின் இரு அறைக் குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுவது சிலர் செய்யும் வழி. எண்ணெய் ஓரறையிலிருந்து மற்றதற்குப் போய்வரும், கனம் சற்றுக் குறையும். தற்காலிகமாக ஓட்டுவதற்குச் சரி. டார்ஷன் பாரின் தொய்வு அப்படியே இருக்கும் என்பதால் இதை நாங்கள் முடிந்த வேலையாகக் கருதுவதில்லை. குழாய்களைக் கழற்றிய துளைகளை மூடாமல் திறந்தே விடுவது அதைவிட மோசம். ஈரமும் தூசியும் உள்ளே போய்த் தண்டு துருப்பிடிக்கும்.

முறையான வேலை என்றால் ரேக்கை வண்டியிலிருந்து இறக்கிப் பிரிக்க வேண்டும். பிஸ்டன் சீலை எடுத்து, வால்வு பகுதி தனியாக முறுக்காதபடி அதை ரேக்கின் பல்லில் பொருந்திச் சுழலும் சிறு பல்சக்கரமான பினியனோடு ஒன்றாக்கி, பல்லுக்கும் தண்டுக்கும் புது கிரீஸ் வைத்து, துளைகளுக்கு மூடி போட்டுச் சேர்க்க வேண்டும். வால்வை ஒன்றாக்கப் பற்றவைக்கும் வேலையை அனுபவம் இல்லாத கையிடம் தராதீர்கள். ஸ்டீயரிங் தண்டில் தவறான இடத்தில் சூடு ஏறினால் அதற்குப் பிறகு அந்த எஃகை நம்ப முடியாது.

அதே மாடலுக்கு நிறுவனமே மேனுவல் ரேக் தயாரித்திருந்தால் அதை வாங்கி மாட்டச் சொல்வோம். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், அதன் விகிதம், அதாவது சக்கரம் ஒரு டிகிரி திரும்ப ஸ்டீயரிங்கை எத்தனை டிகிரி சுற்ற வேண்டும் என்பது, பெரும்பாலும் வேறாக இருக்கும். 1989இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டாவில் பவர் ரேக் 15:1, மேனுவல் ரேக் 18:1. மேனுவலில் அதிகமாகச் சுற்ற வேண்டும், பதிலுக்குக் கை இலேசாக இருக்கும். பவர் ரேக்கைப் பிரித்து மேனுவலாக்கினால் வேகமான விகிதம் அப்படியே கிடைக்கும், கனமும் அதற்கேற்பக் கூடும். மலைப்பாதையில் ஓட்டி மகிழ்பவருக்கு இரண்டாவது பிடிக்கும். தினமும் நெருக்கடியான இடத்தில் நிறுத்தி எடுப்பவர் முதலாவதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

சரி, எந்தக் காருக்கு இது பொருந்தும்? முன்சக்கரங்கள் மீது எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் எங்களுக்கு முதல் கேள்வி. 1951இல் பவர் ஸ்டீயரிங் விற்பனைக்கு வந்ததே கிரைஸ்லர் இம்பீரியல் என்ற பெரிய, கனமான காரில்தான். சிறிய எஞ்சினும் ஒல்லியான டயரும் உள்ள இலேசான கார் மேனுவலைத் தாங்கும். முன்னால் கனமான டீசல் எஞ்சின், அகலமான டயர், அதற்கு மேல் சின்ன ஸ்போர்ட்ஸ் ஸ்டீயரிங் என்றால் வேண்டாம் என்போம். ஸ்டீயரிங் வளையம் சிறுக்கச் சிறுக்கக் கைக்குக் கிடைக்கும் நெம்புபலமும் குறையும். சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கேஸ்டர் கோணமும் கணக்கில் வரும். பவர் ரேக்குக்காக அதிகக் கேஸ்டர் வைத்த காரில் அலைன்மென்ட்டை, அதாவது சக்கரக் கோணங்களின் அமைப்பை, திருத்தாவிட்டால் வளைவில் ஸ்டீயரிங் கையை எதிர்த்து இழுக்கும்.

ஓடும்போது கனம் பெரிதாகத் தெரியாது. நின்ற இடத்தில் திருப்பும்போதுதான் கார் உங்களைச் சோதிக்கும். சக்கரம் துளி உருண்டபடி திருப்பப் பழகுங்கள். எண்ணெய் இருந்தவரை பள்ளத்தின் அடியை அது விழுங்கிக்கொண்டது, இனி அந்த அடி நேராகக் கைக்கு வரும். கட்டைவிரலை ஸ்டீயரிங் கம்பிக்குள் மாட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். தோள், மணிக்கட்டு வலி உள்ளவர்கள் வீட்டில் ஓட்டுகிறார்கள் என்றால் தயவுசெய்து இந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

பெல்ட் விஷயத்தையும் பார்க்க வேண்டும். பல கார்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது. பம்பை எடுத்தால் பெல்ட்டின் நீளமும் பாதையும் மாறும், சிலவற்றில் பம்ப் இருந்த இடத்தில் வெறும் புல்லி ஒன்று வேண்டும். ஆயில் வற்றிய பம்பை அப்படியே சுழலவிட்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அந்த பம்ப் ஒருநாள் இறுகிப் பெல்ட்டை அறுத்தால் எஞ்சினும் சேர்ந்து கொதிக்கும். கசியும் எண்ணெய் சூடான எக்ஸாஸ்ட் மீது விழுந்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

கசிவுக்காக மட்டும் கேட்பவர்களுக்கு மனம்விட்டுச் சொல்கிறோம். பல நேரம் குற்றவாளி ஒரு ஓஸ், ஒரு கிளாம்ப், பம்பின் ஒரு சீல். அதை மாற்றும் வேலை இதைவிடச் சிறியது. முதலில் அதைப் பார்க்க விடுங்கள்.

மின்சார பவர் ஸ்டீயரிங் உள்ள கார்களில் இந்த வேலையை நாங்கள் எடுப்பதில்லை. மோட்டாரின் இணைப்பைப் பிடுங்கினாலும் பல்சக்கரம் வழியே அதையும் சேர்த்தே நீங்கள் சுழற்ற வேண்டியிருக்கும்.

முடிவு செய்யும் முன் வண்டியோடு வாருங்கள். பெல்ட்டைத் தற்காலிகமாகக் கழற்றி, எங்கள் வளாகத்துக்குள்ளேயே உங்களை ஓட்டவைப்போம். முடிந்த வேலை அதைவிட இலேசாக இருக்கும், அந்தக் கனமே தாங்கும் என்றால் மேலே பேசலாம். நீங்களாக வீட்டில் ஓடும் வண்டியின் எஞ்சினை அணைத்துச் சோதிக்காதீர்கள், பிரேக்குக்கு உதவும் வேக்குவமும் அத்தோடு போய்விடும். இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வரும்போது இப்போது போட்டிருக்கும் டயர் அளவையும், கடைசியாக அலைன்மென்ட் பார்த்த தாளையும் எடுத்து வாருங்கள். ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு முனையும், சக்கரம் திரும்ப உதவும் பால் ஜாயின்ட்டும் தேய்ந்திருந்தால் அவற்றை மாற்றிய பிறகே ரேக்கைத் தொடுவோம்.

அன்புடன்,
உங்கள் பணிமனை