ஜிபிஎஸ் நெட்வொர்க் கோளாறு: அளந்து பார்க்காமல் பாகங்களை மாற்றியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
விசைப்படகு உரிமையாளர்,
தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
சர்வீஸ் பிரிவு.

ஐயா,

கடந்த தடைக்காலத்தில், படகு கரையில் நின்றபோது, உங்களிடம் பிளாட்டர் (படகின் இருப்பிடத்தைக் கடல் வரைபடத்தில் காட்டும் திரை), வீல்ஹவுஸ் கூரைக்கு ஜிபிஎஸ் ஆன்டெனா, திசை காட்டும் சென்சார், விஎச்எஃப் வயர்லெஸ் எல்லாம் வாங்கினேன். உங்கள் ஆட்களே வந்து, படகுக் கருவிகளை ஒரே மெயின் கேபிளில் சேர்க்கும் என்எம்இஏ 2000 நெட்வொர்க்கில் இணைத்தார்கள். அந்த வேலை நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் சுற்றிலும் போகும் கப்பல்களைத் திரையில் காட்டும் ஏஐஎஸ் கருவியையும் உங்களிடமே வாங்கி, உங்கள் டெக்னீஷியனைக் கொண்டே மாட்டினேன். தொல்லை தொடங்கியது அன்றிலிருந்துதான்.

துறைமுகத்தில் கட்டியிருக்கும்போது எல்லாம் ஒழுங்காக ஓடும். ஆழ்கடலில், எஞ்சினும் எல்லாக் கருவிகளும் ஒன்றாக ஓடும்போது, பிளாட்டரில் இருப்பிடம் காணாமல் போகும். அதே நொடியில் திசையும் போகும், ஏஐஎஸ் காட்டிக்கொண்டிருந்த கப்பல்களும் திரையிலிருந்து மறையும், வயர்லெஸ்ஸில் இருப்பிடத்துக்குப் பதில் வெறும் கோடுகள் நிற்கும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் தானாகத் திரும்பி வரும். இதை உங்கள் சர்வீஸ் பிரிவிடம் தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் இதே வரிசையில் சொன்னேன்.

நாலும் ஒரே நேரத்தில் போகிறது என்றால், நாலுக்கும் பொதுவான வழியைத்தானே முதலில் பார்க்க வேண்டும்? இன்னொரு அடையாளமும் இருந்தது. ஏஐஎஸ்ஸுக்குள் தனியாக ஜிபிஎஸ் உண்டு. பிளாட்டர் இருப்பிடத்தை இழந்த நேரத்திலும் ஏஐஎஸ்ஸின் பச்சை விளக்கு அணையாமல் எரிந்தது. வானத்திலிருந்து சிக்னல் வருகிறது, கேபிளில்தான் எங்கோ நிற்கிறது என்று அதுவே காட்டிவிட்டது. இதையும் சொன்னேன். இருந்தும் உங்கள் ஆட்கள் ஆன்டெனா கெட்டுவிட்டது என்று புதியது மாட்டி பில் போட்டார்கள். குறை தீரவில்லை என்றதும் பிளாட்டரின் சாஃப்ட்வேரைப் புதுப்பித்து, அதற்கும் வேலைக்கூலி வாங்கினார்கள். கடைசியில், படகுக்கே வராமல், உப்புத் தண்ணீர் இறங்கியிருக்கும், வாரண்டியில் வராது என்று தொலைபேசியிலேயே முடித்துவிட்டார்கள்.

மீன் இறக்கக் கேரளத்தின் முனம்பம் துறைமுகத்துக்குப் போனபோது அங்குள்ள ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் எந்தப் பாகத்தையும் கழற்றவில்லை. நெட்வொர்க்குக்குப் போகும் கரண்டை நிறுத்தினார், மெயின் கேபிளிலிருந்து கருவிக்கு வயர் பிரியும் ஒரு டி கனெக்டரைத் திறந்து, வெள்ளை வயருக்கும் நீல வயருக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தார். 120 ஓம் காட்டியது. மெயின் கேபிளின் இரண்டு முனையிலும் சிக்னல் திரும்பாமல் தடுக்கும் 120 ஓம் டெர்மினேட்டர் ஒவ்வொன்று இருக்க வேண்டும், இரண்டும் இருந்தால் மீட்டர் 60 காட்டும், 120 காட்டினால் ஒன்று இல்லை என்று அர்த்தம் என்றார். அந்த ஒன்று எங்கே போனது என்று தேடியபோது விஷயம் தெரிந்தது. ஏஐஎஸ் மாட்ட வந்த உங்கள் டெக்னீஷியன், புதிதாக ஒரு டி கனெக்டர் சேர்ப்பதற்குப் பதில், முனையிலிருந்த டெர்மினேட்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலேயே ஏஐஎஸ் வயரைச் செருகியிருக்கிறார். முனையில் டெர்மினேட்டர் இல்லாவிட்டால், மலையில் மோதிய குரல்போல சிக்னல் திரும்பி வந்து அடுத்த சிக்னலோடு கலந்துவிடும். அதனால்தான் சில நேரம் ஓடியது, சில நேரம் நின்றது. அவர் ஒரு டி கனெக்டரும் டெர்மினேட்டரும் மாட்டினார், மீட்டர் 60க்கு வந்தது. அதன்பிறகு இருப்பிடம் ஒருமுறையும் மறையவில்லை.

அவர் காட்டிய இன்னொரு தவறு இன்னும் சரியாகவில்லை. மெயின் கேபிளிலிருந்து ஒரு கருவிக்குப் பிரியும் வயர் 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. புதிய ஆன்டெனாவை மாஸ்ட் உச்சியில் வைத்த உங்கள் ஆட்கள், மெயின் கேபிளை அதுவரை நீட்டாமல், இரண்டு வயர்களை ஒட்டுப்போட்டு 6 மீட்டரைத் தாண்டிக் கொண்டுபோயிருக்கிறார்கள். இப்போதைக்கு ஓடுகிறது. ஆனால் இதை நம்பி நான் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்க முடியாது.

பணம் போனதைவிட எனக்குப் பெரிய வருத்தம் வேறு. 2018 ஆகஸ்டில் முனம்பத்திலிருந்து தங்கலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க) போன படகைக் கப்பல் இடித்தது. இறந்தவர்களில் எங்கள் பக்கத்து ராமன்துறைக்காரர்களும் இருந்தார்கள். ஏஐஎஸ் வாங்கும்போது அந்தச் சம்பவம்தான் மனதில் இருந்தது. கப்பல் போகும் பாதையில் இரவில் படுக்கும்போது, வருகிற கப்பல் என் திரையில் தெரிய வேண்டும். வயர்லெஸ்ஸின் சிவப்புப் பொத்தானும் அப்படித்தான். அதை அழுத்தினால் 70ஆம் சேனலில் படகின் எண்ணோடு இருப்பிடமும் போக வேண்டும். இருப்பிடம் இல்லாத அபாய அழைப்பைக் கேட்டு வருகிறவர்கள் எங்களை எங்கே தேடுவார்கள்? நானும் அந்தப் படகில்தான் போகிறேன், என் தம்பியும் மச்சானும் வருகிறார்கள்.

கெடாத ஆன்டெனாவை மாற்றியதற்கு வாங்கிய பணத்தையும், சாஃப்ட்வேர் வேலைக்கு வாங்கிய கூலியையும், முனம்பத்தில் நான் கொடுத்த செலவையும் திருப்பித் தர வேண்டும். கழற்றிக்கொண்டுபோன பழைய ஆன்டெனாவும் எனக்கு வேண்டும். மெயின் கேபிளை மாஸ்ட் வரை முறையாக நீட்டி, ஓம் அளவையும் வோல்ட் அளவையும் எழுதிக் கையெழுத்திட்ட அறிக்கை தர வேண்டும். உப்புத் தண்ணீர் என்ற காரணத்தை உங்கள் சர்வீஸ் பதிவிலிருந்து நீக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு உண்மையிலேயே ஒரு கருவி கெட்டாலும் அதையே காட்டி வாரண்டியை மறுப்பீர்கள். வேலைக்கு அனுப்பும் ஆளிடம் மல்டிமீட்டர் கட்டாயம் இருக்கட்டும்.

இம்மாதக் கடைசி வாரம் படகு தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் நிற்கும். அதற்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்பேன்.

இப்படிக்கு,
படகு உரிமையாளர்

இணைப்பு: பில் நகல்கள், வாரண்டி அட்டை நகல், டெர்மினேட்டர் மாட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த மீட்டர் படங்கள்.