எங்கள் பிள்ளையைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு

காரைக்குடிப் பக்கத்துச் சொந்தபந்தங்களுக்கும் நட்புகளுக்கும் வணக்கம்.

டைப் 1 சர்க்கரை நோயுள்ள என் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்துவிட்டாள். காலையில் இட்லிக்குப் பொடி போதவில்லை என்று தம்பியோடு சண்டை போட்டாள். அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

நள்ளிரவில் வண்டி எடுத்த ஆட்டோ அண்ணன், ஷட்டரைத் தூக்கி மருந்து கொடுத்த தம்பி, பெரியாஸ்பத்திரி சிஸ்டர்கள், தலைமையாசிரியர், பள்ளிகளுக்கு நர்ஸ் கேட்கும் நம் மனுவில் கையெழுத்து வாங்கத் தன் வீட்டு வளவு முற்றத்தையே திறந்துவிட்டு வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்த ஆச்சி, கையெழுத்துப் போட்ட நீங்கள் அத்தனை பேரும். உங்களை எல்லாம் நேரில் வந்து பார்க்கிறேன். இப்போதைக்குக் கைகூப்புகிறேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். பள்ளியில் சத்துணவு சமைக்கிற அக்கா. பேர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார், போடவில்லை.

டைப் 1 சர்க்கரை நோய், மிட்டாய் தின்று வருவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. தினமும் ஊசி போட்டே ஆகவேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற ஊசி பள்ளியில்தான். முன்பு படித்த பள்ளியில், ஊசி போடுகிற பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அரசுப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அங்கே ஃப்ரிட்ஜ் கிடையாது. சித்திரை வெயிலில் நம்ம ஊர் எப்படிக் காயும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டாம். சூடு ஏறினால் இன்சுலின் வீணாகிவிடும்.

இதை நான் அக்காவிடம் சொல்லவே இல்லை. பிள்ளை பேசியதைக் கேட்டிருக்கிறார். மறுநாள் சந்தையில் தன் காசில் இரண்டு மண்பானை வாங்கிவந்து, பெரிய பானைக்குள் சின்னதை வைத்து, நடுவில் ஆற்றுமணலைப் போட்டு நனைத்து, சமையற்கூடத்து ஸ்டோர் ரூமில் நிழலான மூலையில் வைத்துவிட்டார். மணலின் ஈரம் காயக் காய உள்பானை குளிர்ந்திருக்கும். மருந்து நனையக்கூடாதென்று மூடிபோட்ட எவர்சில்வர் சம்படம் ஒன்று. காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் மணலுக்கு ஒரு சொம்பு தண்ணீர், பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்ததும் இன்னொரு சொம்பு. பள்ளி நடந்த ஒருநாளும் அது தப்பியதில்லை.

ஊசி போடும் நேரத்தில் ஸ்டோர் ரூமைத் திறந்துவிட்டு, வாசலை மறைத்து முதுகைக் காட்டி நின்றுகொள்வார். பையன்கள் எட்டிப்பார்க்கக் கூடாதாம். சோறு எத்தனை கரண்டி என்று தெரிந்தால்தானே மருந்தின் அளவு சரியாக இருக்கும்? அவளுக்கென்று எப்போதும் ஒரே கரண்டி, அளவு மாறாது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கினால், வியர்த்தால், மூன்று ஸ்பூன் சர்க்கரை, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கவேண்டும் என்று சிஸ்டர் எழுதித் தந்த காகிதத்தை மகளை வாசிக்கச் சொல்லியே மனப்பாடம் செய்திருக்கிறார். அன்றைக்கு அது எதற்கு உதவியது என்று உங்களுக்குத் தெரியும்.

"எதுக்குக்கா இவ்வளவு சிரமம்?" என்று கேட்டேன். "தண்ணி ஊத்துறது ஒரு சிரமமா ஆத்தா? சோறாக்குற இடத்துல பிள்ள மயங்கி விழலாமா?" என்றார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அக்கா அங்கே வேலைக்கு இல்லாமல் போயிருந்தால்? அவர் அங்கே இருப்பதே மதிய உணவு இருப்பதால்தான். அது ஒரு காலத்தில் திட்டம் மட்டும்தான். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அது பிள்ளையின் உரிமை. பள்ளியில் என்னென்ன இருக்கவேண்டும் என்று சொல்கிற 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைத் தேடிப் படித்தேன். கழிப்பறை, குடிநீர், சமையற்கூடம், மைதானம், சுற்றுச்சுவர் எல்லாம் இருக்கிறது. நர்ஸ் என்றோ மருத்துவ அறை என்றோ ஒரு வார்த்தை இல்லை. நடமாடும் மருத்துவக் குழு வருகிறது. கண், பல், இதயம், ரத்தசோகை எல்லாம் பார்க்கிறார்கள், எத்தனையோ பிள்ளைகளுக்கு அதனால் நல்லது நடந்திருக்கிறது. ஆனால் பள்ளிக்கு அவர்கள் வருவது வருஷத்துக்கு ஒருமுறை. என் மகளுக்கு ஊசி தினமும்.

அரசியல் சாசனத்தில் பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, கல்வி மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்குமான பொதுப் பட்டியலில் இருக்கிறது. நம் சட்டமன்றம் நினைத்தால் இதற்குச் சட்டம் போடலாம். 1939-லேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் கண்ட மாகாணம் இது. பள்ளிகளுக்கு நர்ஸ், அவசரத்துக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர், மருந்து வைக்க ஒரு ஃப்ரிட்ஜ், நோயைக் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுத்தால் நடவடிக்கை. இவ்வளவுதான் நம் மனுவில் இருக்கிறது. இது சட்டமாகிற வரைக்கும் நான் ஓயப்போவதில்லை. அக்காவுக்கு நான் செய்யக்கூடிய கைம்மாறு வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரக் கேட்டிருக்கிறோம். ஆஸ்துமா, வலிப்பு என்று தினமும் மருந்தோடு பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால், மனுவில் என்ன சேர்க்கவேண்டும் என்று அதற்குள் சொல்லுங்கள். அன்றைக்கு அக்காவும் வருகிறார். பானையைப் பற்றி அவரே எழுந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.