அண்ணனுக்கு: அப்பாவின் பெட்டியைக் கொடுத்துவிட்டேன்

அண்ணே,

அப்பா திதிக்கு நீ வரும்போது மச்சில் டிரங்குப் பெட்டி இருக்காது. அவர் வற்றல் கடைப் பேரேடு, சிட்டை, தபால் கார்டுக் கட்டு எல்லாவற்றையும் சென்னையில் ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டாயிற்று, திருப்பி வாங்க முடியாது. உன்னைக் கேட்காமல் செய்ததற்கு மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். நீ வேண்டாம் என்று சொன்ன பிறகு ஒன்றைச் செய்ய எனக்கு இந்த வயதிலும் வராது. அதனால்தான் கேட்கவில்லை.

போனில் சொன்னால் "சரி, வைக்கட்டா" என்பாய். எல்லாரும் படிக்கிற இந்தப் பக்கத்தில் எழுதினால் மதினி உனக்கு வாசித்துக் காட்டுவார்கள். சித்தப்பா வீட்டிலும் படிக்கிறார்கள் என்று தெரியும், அதனால் சில பெயர்களை எழுதமாட்டேன். உனக்கு எழுத வேண்டியதும் இல்லை.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீ கேட்டதே கிடையாது. பழைய தாள்களின் ஸ்கேன் வரும். யார் யாருக்கு எழுதியது, எந்த ஊர், எந்தத் தேதி, என்ன சரக்கு என்று பார்த்து அட்டவணை போடுவேன். அதற்காக எதையோ தேடப் போய்த்தான் கெய்ரோவின் பழைய தாள்களில் மாட்டிக்கொண்டேன். இப்போது ராத்திரியெல்லாம் அதுதான்.

கெய்ரோவின் பழைய பகுதி ஃபுஸ்தாத். அங்கே பென் எஸ்ரா என்று யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்று. கடவுள் பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். கிழிந்தாலும் எரிக்காமல், குப்பையில் எறியாமல், ஓர் அறைக்குள் போட்டு வைப்பார்கள். கடிதம் என்றாலே தலைப்பில் கடவுளைச் சொல்லித்தானே தொடங்குவார்கள்? அதனால் கடைக் கணக்கு, கல்யாண ஒப்பந்தம், கடன் சீட்டு, பிள்ளைகள் எழுத்துப் பழகிய தாள் எல்லாம் அந்த அறைக்குள் போயின, நூற்றாண்டு நூற்றாண்டாக. மழை பெய்யாத ஊர், மக்கவில்லை. 1896 கடைசியில் சாலமன் ஷெக்டர் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் போய் அந்தத் தூசிக்குள் இறங்கினார். கேம்பிரிட்ஜ் நூலகத்தில் மட்டும் இன்று ஏறக்குறைய 1,93,000 துண்டுகள் இருக்கின்றன. படங்களை யாரும் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

அப்பா எந்தப் பக்கத்தையாவது பிள்ளையார் சுழி போடாமல் தொடங்கியிருக்கிறாரா? அந்த ஊர் வழக்கப்படி பார்த்தால் அவர் எழுதியதில் ஒரு தாளைக்கூட யாரும் தொட்டிருக்க முடியாது.

அந்த அறையில் நம் கடை இருக்கிறது, அண்ணே. ஆபிரகாம் பென் யிஜு என்று ஒரு வியாபாரி. துனீசியாவின் மஹ்தியாக்காரர். 1132இலிருந்து 1149வரை பெரும்பாலும் மங்களூரில் இருந்து கடை நடத்தினார். ஆஷு என்ற நம் நாட்டுப் பெண்ணை அடிமைத்தளையிலிருந்து விடுவித்த பத்திரம்கூடக் கிடைத்திருக்கிறது. ஏடனிலிருந்து மத்முன் என்ற பெரிய வியாபாரி அவருக்கு எழுதுகிறார்: மிளகு, இரும்பு, பாக்கு, இன்ன கப்பல் வந்தது, இன்னது முழுகியது, இவ்வளவு பாக்கி. கூடவே வீட்டுக்கென்று சர்க்கரை, உலர்திராட்சை, எழுதக் காகிதம். மங்களூரில் காகிதத்துக்குத் தட்டுப்பாடு, அதனால் வந்த கடிதத்தின் பின்பக்கத்திலேயே பென் யிஜு தன் கணக்கை எழுதிக்கொண்டார். அப்பாவும் அப்படித்தான், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் மூட்டைக் கணக்கு.

கடைக் கம்பியில் குத்திக் கிடந்த கார்டுகளை இப்போதுதான் ஒவ்வொன்றாகப் படித்தேன். கொல்லத்திலிருந்து ஒன்று. வற்றல் வரத்து எப்படி, மல்லி என்ன விலை, போன சரக்கில் ஈரம் இருந்தது, கடைசி வரியில் "பாப்பாவுக்கு அம்மை இறங்கிவிட்டதா?" அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. அப்பா என்னைப் பற்றி அவருக்கு எழுதியிருக்கிறார். அப்பா எழுதியது என்ன? நகல் எடுத்து வைக்கிற புத்தகத்தில் இருந்திருக்கும். அது இல்லை. ஏன் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

அப்பா போனதற்கு மறுவருஷப் பொங்கல். வெள்ளையடிக்க வீட்டைக் காலிபண்ணிப் போட்டிருந்தோம். பின்வாசலில் வெந்நீர் அடுப்பு. நீ முக்காலியில் உட்கார்ந்திருந்தாய், பக்கத்தில் சாக்கு. துண்டோடு குளிக்க வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். பேரேட்டுத் தையலைப் பிரித்து, ஒரு தாளை இழுத்து, பார்த்து, உள்ளே தள்ளினாய். மறுபடி ஒன்று. தாள் கறுத்துச் சுருளும்போது எழுத்து மட்டும் வெள்ளி மாதிரி தெரியும், ஒரு நொடி. அப்பா எழுதிய "ஆக" என்ற சொல்லை, அந்த இழுத்த வாலை, அப்படிப் பார்த்தேன். "என்னண்ணே இது" என்றேன். நீ திரும்பவில்லை. "இதையெல்லாம் யாரு படிக்கப் போறா? வெந்நி காஞ்சிருச்சு, போய்க் குளி." குளித்தேன். அந்தத் தண்ணீரில்தான் குளித்தேன். தலையில் ஊற்றும்போது புகை வாசம் வந்தது.

அண்டா காய்ந்துவிட்டதால்தான் மிச்சம் தப்பியது என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். பெட்டியைக் கொடுக்கும் முன் வருஷவாரியாக அடுக்கிப் பார்த்தேன். இடையில் சில வருஷங்கள் அடியோடு இல்லை. முன்னும் பின்னும் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. அப்படியென்றால் நீ கண்டமேனிக்கு எரிக்கவில்லை. பார்த்துப் பார்த்து எரித்திருக்கிறாய். எந்த வருஷங்கள் என்று இங்கே எழுதமாட்டேன். அந்தக் கடன் சீட்டுகள் இருந்திருந்தால் யாரோ ஒருவரிடம் போய் நாம் கேட்டிருக்க வேண்டியிருக்கும், அல்லது அவர்கள் பிள்ளைகளிடம். கேட்கவே முடியாதபடி நீ செய்தாய். அப்போது நாம் எவ்வளவு பண நெருக்கடியில் இருந்தோம் என்று நினைத்தால் உன்மேல் எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

ஆனால் அந்த வருஷங்கள் என் சின்ன வயசும்கூட. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சீட்டை நீ எடுத்துக்கொண்டு நகல் புத்தகத்தை என்னிடம் கொடுத்திருக்கலாம். உனக்கு அது தோன்றவே இல்லை.

உ.வே.சா. தன் சரித்திரத்தில் கரிவலம்வந்தநல்லூர் கதையைச் சொல்கிறார். ராஜபாளையம் தாண்டிப் போகிற ஊர்தான். வரகுணராம பாண்டியர் சேர்த்த சுவடிகளைத் தேடிக் கோயிலுக்குப் போகிறார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்று நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டோம் என்கிறார்கள். அங்கேயும் மரியாதைதான். ஒரு மரியாதை அறையில் போட்டு வைத்தது, இன்னொன்று நெய் ஊற்றி எரித்தது. உன்னுடையதும் மரியாதை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அதனால் வலி குறையவில்லை.

கெய்ரோத் தாள்களில் என்னைத் தூங்கவிடாதது ஓர் அண்ணன் தம்பி கடிதம். மைமோனிடிஸ் என்ற பெரிய தத்துவ அறிஞர், மருத்துவர். அவர் தம்பி தாவீது வியாபாரி. செங்கடல் கரையில் ஐதாப் துறைமுகத்திலிருந்து அண்ணனுக்கு எழுதுகிறார்: பாலைவனத்தைத் தாண்டி வந்துவிட்டேன், இங்கே நீலச்சாயம் தவிர வாங்க ஒன்றுமில்லை, இந்தியாவுக்குக் கப்பலேறுகிறேன், வீட்டில் பெண்களுக்குத் தைரியம் சொல். அந்தத் தாள் கிடைத்திருக்கிறது. தாவீது பிறகு இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப்போனார். எட்டு வருஷம் கழித்து மைமோனிடிஸ் இன்னொருவருக்கு எழுதுகிறார்: அவன் சந்தையில் சம்பாதித்தான், நான் கவலையில்லாமல் உட்கார்ந்திருந்தேன், அவன் கையெழுத்தைப் பார்த்தால் இன்றும் நெஞ்சு புரள்கிறது.

அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். நான் மதுரையில் ஹாஸ்டலில் இருந்து படித்தது எப்படி என்று எனக்குத் தெரியாதா? நீ படிப்பை விட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்ததால்தானே.

அதற்காகவும் இந்தப் பெட்டியைக் கொடுத்தேன். கல்லாவில் உட்கார்ந்தவர்கள் எழுதியதை ஒருத்தரும் சேர்த்து வைக்கவில்லை. கொய்ட்டைன் என்றொருவர் பல பத்தாண்டு அந்தக் கெய்ரோ வியாபாரிகளின் கடிதங்களோடு கிடந்தார். 1985இல் இறந்தார். இந்திய வியாபாரக் கடிதங்களை அவர் தொகுத்தது புத்தகமாக வந்தது 2008இல். விருதுநகர் வற்றல் கடைக்கும் யாராவது வருவார்கள்.

பக்கங்களின் நகல் உனக்குத் தபாலில் வரும். ஸ்கேன் இல்லை, தாளாகவே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அப்பாவின் சுருக்கெழுத்து எனக்குப் பாதிதான் புரிகிறது. மாசா மாசம் முதல் தேதிச் செலவில் "ப.கோ." என்று ஒரு தொகை போகிறது, அவர் சாகும்வரை. வீட்டுச் செலவிலும் இல்லை, கடைச் செலவிலும் இல்லை. அட்டவணையில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அது யார் என்று எழுதி அனுப்பு. இங்கே வேண்டாம், எனக்கு மட்டும். தெரியாது என்று மட்டும் சொல்லாதே. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் படித்தவன் நீ. பொம்பளப்பிள்ளைக்குக் கடையில் என்ன வேலை என்று என்னை வாசலோடு திருப்பி அனுப்பியதும் நீதான்.

பாப்பா