சீனியர் என்று சொல்லி அனுப்புமுன்: மெயின்பிரேம் பயிற்சி மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியில் மெயின்பிரேம் (பெரிய நிறுவனங்களின் மையக் கணினி) பயிற்சி தரும் மையத்தாருக்கு வணக்கம்.

அத்திப்பள்ளி தாண்டினால் எலெக்ட்ரானிக் சிட்டி. அங்கே வேலை தேடிப் போகும் நம் பிள்ளைகளுக்குக் கோபோல் நிரல்மொழியும், கணினிக்கு வேலை கொடுக்கும் ஜேசிஎல்லும் கற்றுக்கொடுத்துவிட்டு, ‘பத்து வருஷம் போனால் நீ சீனியர் சிஸ்டம்ஸ் புரோகிராமர்’ என்று சொல்லி அனுப்பாதீர்கள். சிஸ்டம்ஸ் புரோகிராமர் என்றால் மெயின்பிரேமின் இயங்குதளத்தைப் பராமரிப்பவர். வருஷக் கணக்கு யாரையும் சீனியர் ஆக்காது. எதை மாற்றினோம், சிஸ்டம் எழும்பாவிட்டால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது, இந்த இரண்டுக்கும் கையில் பதில் வைத்திருப்பவர்தான் சீனியர்.

ஒரே ஒரு கமாண்டைப் பாருங்கள். புதிய மென்பொருளின் லோடு லைப்ரரிக்கு (ஓடத் தயாரான புரோகிராம்கள் இருக்கும் இடம்) ஏபிஎஃப் அனுமதி, அதாவது சிஸ்டத்தின் காவலுள்ள வேலைகளைச் செய்யும் உரிமை, வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செட்ப்ராக் என்று தட்டினால் அந்த நொடியே கிடைத்துவிடும், எல்லாம் ஓடும். ஆனால் அந்த அனுமதி நினைவகத்தில் இருக்கும் பட்டியலில் மட்டுமே சேர்கிறது. சிஸ்டம் எழும்போது படிக்கும் அமைப்புகள் இருக்கும் பார்ம்லிப்பின் ப்ராக் மெம்பரிலும் அதை எழுதாமல் விட்டால், அடுத்த ஐபிஎல்லோடு (சிஸ்டத்தை மீண்டும் தொடங்குவது) போய்விடும். அந்த ஐபிஎல் மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு விடியற்காலையில் நடக்கலாம். அனுமதி இல்லை என்னும் எஸ்047 பிழையோடு புரோகிராம் விழும்போது, அன்று தட்டிய கமாண்டு யாருக்கும் ஞாபகம் இருக்காது. வால்யூம் (டிஸ்க்) பெயரோடு பதிந்த லைப்ரரியை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தினாலும் இதே கதிதான். கமாண்டு ஜூனியருக்கும் தெரியும். தட்டிய கையோடு மெம்பரையும் திருத்தி, குறிப்பு எழுதி வைக்கும் பழக்கத்தைத்தான் நீங்கள் கற்றுத்தர வேண்டும்.

பிடிஎஃப் (மென்பொருள் திருத்தம்) போடுவதும் அப்படியே. எந்தத் திருத்தத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்று சொல்லும் புதிய ஹோல்டு டேட்டாவை ரிசீவ் செய்து (பெற்று), எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்க்கும் அப்ளை செக் ஓட்டி, ரிப்போர்ட்டை வரிவரியாகப் படிக்க வேண்டும். திருத்தத்திலேயே பிழை உண்டு என்று எச்சரிக்கும் எரர் ஹோல்டைப் படிக்காமல் பைபாஸ் போடுவது (தாண்டிப் போவது) கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் இறங்குவது போல. அப்ளை செய்வது (திருத்தத்தைப் போடுவது) ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்ரெஸ்ஸில் (இயங்குதளம் இருக்கும் டிஸ்க்) அல்ல, அதன் நகலில். ஐபிஎல்லும் நகலிலிருந்தே. கோளாறு வந்தால் பழைய வால்யூமிலிருந்து ஐபிஎல் செய்து திரும்பிவிடலாம். திருத்தத்தை நிரந்தரமாக ஏற்கும் அக்செப்ட்டுக்கு அவசரம் கூடாது. அக்செப்ட் ஆன பிடிஎஃப்பை ரெஸ்டோர் கமாண்டு கொடுத்து எடுக்க முடியாது.

புரோகிராம் விழுந்த நொடியின் நினைவகப் பதிவான டம்ப் படிக்கவும் பழக்குங்கள். தொடக்கூடாத நினைவக இடத்தைத் தொட்டதாகச் சொல்லும் எஸ்0சி4 பிழை வந்தால் முதலில் ரீசன் கோடு (காரண எண்) பாருங்கள். 4 என்றால், புரோகிராம் எந்த இடத்தில் நின்றது என்று சொல்லும் பிஎஸ்டபிள்யூ, தவறுக்கு அடுத்த இன்ஸ்ட்ரக்‌ஷனைக் காட்டும். 11 என்றால் தவறிய இன்ஸ்ட்ரக்‌ஷனையே காட்டும். அந்த முகவரியிலிருந்து மாட்யூலின் தொடக்க முகவரியை ஹெக்ஸில் (பதினாறடிமான எண்ணில்) கழித்தால் கம்பைலர் தரும் லிஸ்டிங்கில் இடம் கிடைத்துவிடும்.

கெடுத்து மீட்கப் பழகுவதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். மெயின்பிரேம் போலவே நடிக்கும் ஹெர்குலிஸ் என்ற இலவச எமுலேட்டரில், எம்விஎஸ் 3.8 என்ற பழைய மெயின்பிரேம் இயங்குதளம் சாதாரண லேப்டாப்பிலேயே ஓடுகிறது. பார்ம்லிப்பில் ஒரு வரியை மாணவர் கையாலேயே கெடுக்கச் சொல்லி, ஐபிஎல் செய்து, மீட்டெடுக்கச் சொல்லுங்கள். கெடுப்பதற்கு முன் டிஸ்க் ஃபைலுக்கு நகல் எடுத்தாரா என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். எடுக்காதவருக்குச் சான்றிதழை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வையுங்கள்.

இப்படிக்கு,
சிஸ்டம்ஸ் புரோகிராமர்கள் சிலர், ஓசூர்