மலைப்பகுதி விமான விபத்துகள் பற்றிய கணினிப் பாடத்தில் பிழைகள்: திருத்தம் அல்லது பணம் கோரி

அனுப்புநர்: விமானிப் பயிற்சிப் பிரிவு, பல்லாவரம், சென்னை - 43
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

ஐயா,

12 உரிமங்களுடன் உங்களிடம் வாங்கிய பாடத்தை மாணவர்களுக்குப் போட்டுக் காட்ட முடியவில்லை. எழுத்துப்பிழை என்றால் பொறுத்துப் போயிருப்போம்.

பகுதி 3, ஸ்ட்ராஸ்பர்க் அருகே 1992 ஜனவரி 20இல் மலையில் மோதிய, பிரான்சின் ஏர் இண்டர் நிறுவனத்து ஏர்பஸ் ஏ320 விமானம் பற்றியது. 87 பேர் இறந்தார்கள், 9 பேர் பிழைத்தார்கள். தரை நெருங்கும் எச்சரிக்கை ஒலித்தும் விமானிகள் கண்டுகொள்ளவில்லை என்கிறது உங்கள் ஒலிப்பதிவு. அந்த விமானத்தில் அந்தக் கருவியே பொருத்தப்படவில்லை!

அதைவிட மோசம், படம். அந்த விமானத்தில் இறங்குகோணத்துக்கும் இறங்குவேகத்துக்கும் ஒரே குமிழ், எண் தெரிய ஒரே சின்னக் கட்டம். கோண முறையில் -3.3 என்று தெரியும். அதாவது 3.3 பாகை; விமானம் அப்போது பறந்த வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 800 அடி இறக்கம். வேக முறையில் -33 என்று தெரியும். அது நிமிடத்துக்கு 3,300 அடி. எண்ணைப் பார்த்தால் இடையில் ஒரு புள்ளிதான். முறையை மாற்ற மறந்திருக்கலாம் என்பதே விசாரணையில் வலுவாகப் பேசப்பட்ட காரணம். உங்கள் படத்திலோ -3300 என்று நான்கு இலக்கம். அது விபத்துக்குப் பிறகு மாற்றிய வடிவம். இதைப் பார்க்கும் மாணவர், "இதிலா குழம்பினார்கள்?" என்று சிரித்துவிட்டுப் போவார்.

பகுதி 5, கொலம்பியாவின் காலி (Cali) நகர விபத்து (1995 டிசம்பர் 20, 159 பேர் பலி). விமானக் கணினியில் 'ஆர்' என்று தட்டியதும் ரோஸோ என்ற வழிகாட்டி வானொலி நிலையத்துக்குப் பதில் பொகோட்டா பக்கத்து ரோமியோ நிலையத்தை நோக்கி போயிங் 757 திரும்பியதைச் சரியாகவே சொல்கிறீர்கள். அத்தோடு பாடம் முடிந்துவிடுகிறது. பிறகு நடந்ததைச் சொல்லவே இல்லை: தரை நெருங்கும் எச்சரிக்கை வந்ததும் விமானிகள் மூக்கைத் தூக்கி முழு விசை கொடுத்தார்கள். இறங்குவதற்காக விரித்த ஸ்பீட் பிரேக் (காற்றைத் தடுக்கும் தகடுகள்) மட்டும் இறக்கைமேல் விரிந்தே கிடந்தது. அந்த ரகத்தில் அது தானாக மடங்காது. உங்கள் தப்பிக்கும் பயிற்சிப் பட்டியலிலும் ஆட்டோபைலட் விடுவிப்பு, விசை, மூக்கு மூன்றும் இருக்க, ஸ்பீட் பிரேக் லீவர் இல்லை.

பகுதி 7 கேள்வி: விமான நிலையம் தரும் கடல்மட்டக் காற்றழுத்தம் 1003 ஹெக்டோபாஸ்கல், உயரமானியில் வைத்திருப்பது 1013. உயரமானி காட்டுவதைவிட விமானம் மேலே இருக்கும் என்கிறது விடை. தலைகீழ். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 27 அடி; ஆக 270 அடி கீழேதான் இருக்கும். சரியாக எழுதினால் சிவப்புப் பெருக்கல் குறி விழுகிறது. பறங்கிமலையைத் தாண்டி மலை பார்த்திராத சென்னைப் பிள்ளைகளுக்கு இந்தத் திரைதான் முதல் மலை.

தொலைபேசியில் கேட்டதற்கு, "அடுத்த அப்டேட்டில் பார்க்கலாம்" என்றார்கள். 15 நாளுக்குள் மூன்று பகுதிகளையும் திருத்தி அனுப்புங்கள். இல்லாவிட்டால் முழுத்தொகையையும் திருப்பித் தாருங்கள். இரண்டும் நடக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். ரசீது நகலும் கணினித் திரையின் படங்களும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
பயிற்சிப் பிரிவினர்